கேமராத் திரையை எவ்வளவு நம்பலாம்?

பெரம்பலூரிலிருந்து துறையூர் போகும் சாலையில் இருக்கிறது குரும்பலூர். சுற்றுவட்டாரமெங்கும் மக்காச்சோளம், சின்ன வெங்காயம், பருத்தி. கரிசல் காட்டில் பஞ்சு வெடித்து நிற்கும் பருவத்தில், உச்சி வெயிலில், பஞ்செடுக்கும் ஒரு பெண்ணை வீடியோ எடுப்பதைவிடக் கடினமான பரீட்சையை ஒரு கேமராவுக்கு வைக்க முடியாது. மண் வெளிச்சத்தை விழுங்குகிறது. பஞ்சு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. இரண்டுக்கும் நடுவே மாநிறத்தில் ஒரு முகம். மூன்றும் ஒரே ஃபிரேமில் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று கேமராக்காரர் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்? கேமராவிலேயே இருக்கும் மூன்று அங்குலத் திரையைப் பார்த்து.

அந்தத் திரையை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி சென்னைப் படப்பிடிப்புத் தளங்களைவிடச் சிற்றூர் ஸ்டுடியோக்களுக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது. பெரிய தளத்தில் தனி மானிட்டர் உண்டு, ஃபோகஸுக்கென்று ஓர் ஆள் உண்டு, சரியில்லை என்றால் இன்னொரு டேக் உண்டு. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா என்று தனியாளாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு இவை எதுவும் இல்லை. தாலி ஒரு முறைதான் கட்டப்படும். ஃபிரேம் வைப்பதற்கு அந்தச் சின்னத் திரை தாராளமாகப் போதும். வெளிச்சமும் ஃபோகஸும் சரியா என்று அதை வெறுங்கண்ணால் பார்த்து முடிவு செய்வதுதான் கோளாறு. அளந்து முடிவு செய்ய வேண்டும். அளக்கும் வசதிகள் இன்றைய கேமராவுக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் அவற்றின் எண்களை இங்குள்ள முகங்களுக்கும் இங்குள்ள வெயிலுக்கும் ஏற்றபடி மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி விஷயம் பேசப்படுவதே இல்லை.

முதலில் வெளிச்சம். உச்சி வெயிலில் தரையில் விழும் ஒளி ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ். அந்த வெயிலில் நிற்பவரின் வெள்ளை வேட்டி சுமார் 25,000 நிட் அளவுக்குப் பிரகாசிக்கும். நிட் என்பது ஒரு பரப்பின் பிரகாசத்தை அளக்கும் அலகு. கேமராக்களோடு வரும் திரைகள் பெரும்பாலும் சில நூறு நிட்தான் தரும். 500 என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், வேட்டி திரையைப்போல 50 மடங்கு பிரகாசம். வேட்டியைப் பார்த்துவிட்டுத் திரைக்குத் திரும்பும் கண்ணுக்குப் படம் இருட்டாகத்தான் தெரியும். போதாததற்கு வானமும் கேமராக்காரரின் வெள்ளைச் சட்டையும் திரைக் கண்ணாடியில் தெரியும், கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். படம் அண்டராக இருக்கிறதென்று நினைத்து அவர் அபர்ச்சரைத் திறக்கிறார். மாலையில் கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும்போது பஞ்சு வெறும் வெள்ளைத் திட்டாக இருக்கிறது. இழையும் இல்லை, நிழலும் இல்லை. வெளுத்துப்போன அந்த இடத்தில் கேமரா எதையும் பதிவு செய்யவில்லை. எந்த மிக்சிங்கிலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

மண்டபத்துக்குள் நடப்பது இதற்கு நேர்மாறு. விடியற்காலை முகூர்த்தம். மேடையில் மட்டும் விளக்கு. கேமராக்காரர் நிற்கும் இடம் அரையிருட்டு. அந்த இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அதே 500 நிட் திரை கண்ணைக் கூசும்படி ஜொலிக்கும். மணப்பெண்ணின் அரக்குச் சேலை பளிச்சென்று தெரிகிறது, போதும் என்று தோன்றுகிறது. வீட்டு டி.வி.யில் போட்டால் சேலை மடிப்பெல்லாம் கறுப்பாகவும், மாப்பிள்ளையின் கன்னத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் ஓடிக்கொண்டும் இருக்கும்.

ஒரே ஆள், ஒரே கேமரா, ஒரே திரை. வெயிலில் ஓவர், மண்டபத்தில் அண்டர். இதில் அனுபவக் குறைவு என்று எதுவும் இல்லை. கண் எப்போதும் சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டுத்தான் பிரகாசத்தை அறிகிறது. தனியாக ஒரு பிரகாசத்தை எண்ணாக நினைவில் வைத்துக்கொள்ளும் திறன் அதற்குக் கிடையாது. முப்பது வருடம் தொழிலில் இருந்தவர் கண்ணும் இப்படித்தான் வேலை செய்கிறது.

திரை தன் பங்குக்கும் படுத்தும். மலிவான எல்.சி.டி.யைக் கொஞ்சம் மேலே சாய்த்தால் படம் வெளுக்கும், கீழே சாய்த்தால் கறுக்கும். கூட்டத்துக்கு மேலே கேமராவைத் தூக்கிப் பிடித்து அண்ணாந்து பார்க்கிறவர், நேராகப் பார்க்கிறவர் காணும் படத்தைக் காண்பதில்லை. போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் சில கோணங்களில் திரை முழுக்கவே இருண்டுவிடும். சோனி கேமராக்களில் 'சன்னி வெதர்' என்று ஒரு பிரகாச அளவு இருக்கிறது. அது திரையை மட்டும்தான் ஏற்றும், பதிவை ஏற்றாது. வெளியே மாப்பிள்ளை அழைப்புக்கு அதைப் போட்டுவிட்டு, மாற்ற மறந்து மண்டபத்துக்குள் வந்தால், அன்றைய முகூர்த்தம் முழுக்க அண்டர்தான்.

ஃபிலிம் காலத்து ஒளிப்பதிவாளருக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. பதிவாகும் படத்தைக் காட்டும் திரையே அவரிடம் இல்லை. கையில் லைட் மீட்டர். நடிகரின் முகத்தருகே பிடித்து அளந்து அபர்ச்சரைச் சொல்வார். உதவியாளர் டேப் பிடித்து லென்ஸுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளந்து லென்ஸ் வளையத்தில் குறித்துக்கொள்வார். லேபிலிருந்து ரஷ் வந்த பிறகுதான் படம் தெரியும். பார்க்க வழியில்லாததால் எல்லாவற்றையும் அளந்தார்கள். வீடியோ வந்ததும் பார்க்க வழி கிடைத்தது; அளக்கும் பழக்கம் போய்விட்டது.

அந்த மாற்றம் நடந்த விதமும் கவனிக்கத்தக்கது. வி.எச்.எஸ். காலத்துத் தோள் கேமராக்களில் பெரும்பாலும் கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கும் கறுப்பு-வெள்ளை வியூஃபைண்டர்தான். வெளி வெளிச்சம் உள்ளே வராது. வண்ணம் இல்லாததால் ஓரங்கள் கூர்மையாகத் தெரியும். ஃபோகஸ் பிடிப்பது எளிது. 1992-இல் ஷார்ப் நிறுவனம் 4 அங்குல வண்ணத் திரையோடு 'வியூகேம்' கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கண்ணை ஒட்டாமல், கையை நீட்டிப் படம் பார்த்தே எடுக்கலாம் என்பது வீட்டு உபயோகத்துக்குப் பெரிய வசதி. தொழில் கேமராக்கள் மெதுவாகத்தான் பின்தொடர்ந்தன. 1995-இல் வந்த சோனி வி.எக்ஸ். 1000-இல் விரியும் திரையே கிடையாது. 2000-இல் வந்த பி.டி. 150-இல் 2.5 அங்குல வண்ணத் திரை இருந்தது. ஆனாலும் வியூஃபைண்டரைக் கறுப்பு-வெள்ளையாகவே வைத்தார்கள். வண்ணத் திரை ஃபிரேமுக்கு, கறுப்பு-வெள்ளை ஃபோகஸுக்கு என்ற வேலைப் பிரிவினை அந்தக் கேமராவின் அமைப்பிலேயே இருந்தது. அதை வாங்கிய பலரும் திரையை விரித்துவிட்டு வியூஃபைண்டரை மறந்தார்கள்.

தமிழ் சினிமாவும் அடுத்து வந்த ஆண்டுகளில் டிஜிட்டலுக்கு நகர்ந்தது. பி.சி. ஸ்ரீராம் இயக்கிய 'வானம் வசப்படும்' 2004-இல் டிஜிட்டலில் வந்தது. 2009-இல் 'அச்சமுண்டு அச்சமுண்டு', 'உன்னைப்போல் ஒருவன்' இரண்டும் ரெட் ஒன் கேமராவில் எடுக்கப்பட்டன. 2012-இல் பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' படத்தை விஜய் மில்டன் ஸ்டில் கேமராவிலேயே ஒளிப்பதிவு செய்தார். ஸ்டில் கேமராவில் சினிமா எடுக்கலாம் என்ற நம்பிக்கை மாவட்டத் தலைநகர ஸ்டுடியோ வரைக்கும் பரவியதற்குக் காரணம் 2008-இல் வந்த கேனான் 5டி மார்க் II. பெரிய சென்சார், பின்னால் 3 அங்குலத் திரை. ஆனால் வீடியோ கேமராக்களில் வழக்கமாக இருந்த, வெளிச்சத்தை அளக்கும் ஜீப்ராவும் ஃபோகஸைக் காட்டும் பீக்கிங்கும் அதில் இல்லை. இந்தக் குறையைப் பயன்படுத்துவோரே தீர்க்க முயன்றார்கள். 2009-இல் டிராமெல் ஹட்சன் என்பவர் 'மேஜிக் லான்டர்ன்' என்ற இலவச மென்பொருளை எழுதி அந்தக் கேமராவுக்குள்ளேயே ஜீப்ராவைக் கொண்டுவந்தார். திரையில் தெரியும் படம் மட்டும் போதாது என்பதைத் தொழில் செய்கிறவர்கள் எவ்வளவு அழுத்தமாக உணர்ந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஃபோகஸ் விஷயத்தில் கணக்கு இன்னும் கறார். திரைகளின் அளவை நிறுவனங்கள் 'புள்ளி' என்று விளம்பரம் செய்கின்றன. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று புள்ளி சேர்ந்தால்தான் பொதுவாக ஒரு பிக்சல். ஆக, 2,30,400 புள்ளித் திரை என்பது 320-க்கு 240, அதாவது 76,800 பிக்சல். முழு எச்.டி. படத்தில் இருப்பதோ 20,73,600 பிக்சல். படத்தின் 27 பிக்சலுக்குத் திரையில் ஒரு பிக்சல்தான் கிடைக்கிறது. காலம் மாறிவிட்டதே என்று கேட்கலாம். 2018-இல் வந்து இன்றும் கல்யாணங்களில் சுற்றும் சோனி ஏ7 III-ஐ எடுத்துக்கொள்வோம். திரை 9,21,600 புள்ளி, பிக்சலில் 3,07,200. பதிவாகும் 4கே படம் 82,94,400 பிக்சல். வகுத்துப் பார்த்தால் மறுபடியும் அதே 27. திரை முன்னேறியது, படம் அதே அளவு முன்னால் ஓடிவிட்டது. 27 பிக்சலைச் சுருக்கி ஒன்றாக்கும்போது லேசாக அவுட்டான முகமும் கூர்மையாகத்தான் தெரியும். மூன்று அங்குலத் திரையில் எல்லாமே ஷார்ப்.

இதோடு லென்ஸும் சேர்ந்துகொள்கிறது. முழு ஃபிரேம் சென்சாரில் 85 மி.மீ. லென்ஸைப் போட்டு, எஃப் 1.8 வைத்து, 2 மீட்டர் தூரத்தில் நிற்கும் மணப்பெண்ணை எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் சுமார் 6 செ.மீ. இமையில் ஃபோகஸ் இருந்தால் ஜிமிக்கி அவுட். பழைய மூன்றில் ஒரு பங்கு அங்குலச் சென்சார் கேமராவில் அதே அளவு முகத்தை அதே எஃப் 1.8-இல் எடுத்தால் ஆழம் அரை மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. நெத்திச்சுட்டியிலிருந்து பின்னால் நிற்கும் நாத்தனார் வரைக்கும் கூர்மையாக விழும். பி.டி. 150 காலத்தில் சின்னத் திரையைப் பார்த்தே ஃபோகஸ் பிடித்து ஒப்பேற்ற முடிந்ததற்கு இந்த ஆழம்தான் காரணம். கேமரா மாறியது, பின்னணி அழகாகக் கரைகிறது, பழக்கம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

தாலி கட்டும் கணத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். மாப்பிள்ளையின் இரண்டு கைகளும் மாலைக்கு முன்னால் வருகின்றன. மணப்பெண் தலை குனிந்திருக்கிறாள். நெத்திச்சுட்டியும் மாலையும் பாதி முகத்தை மறைக்கின்றன. முடிச்சுப் போட நாத்தனார் பின்னாலிருந்து குனிகிறார். கெட்டிமேளம் முழங்க நாலு பக்கமிருந்தும் அட்சதை பறக்கிறது. 2013-இல் கேனான் 70டி-யோடு வந்த டூயல் பிக்சல் ஆட்டோஃபோகஸும், அதன்பின் வந்த முகம், கண் அறியும் முறைகளும் பல நேரம் மனிதனைவிட வேகமாகவே வேலை செய்கின்றன. ஆனால் கண்ணே தெரியாத இந்த ஐந்தாறு நொடிகளில் அவை மாலையின் ரோஜாவையோ, குறுக்கே நீளும் ஒரு கையையோ பிடித்துக்கொள்ளும். சின்னத் திரையில் அது தெரியாது. அனுபவசாலிகள் இந்தக் கணத்துக்கு முன்பே எஃப் 4 அல்லது 5.6-க்கு மூடிவிடுகிறார்கள், ஆட்டோவை நிறுத்தி, மணப்பெண்ணின் கழுத்துக்கு நேராக ஃபோகஸைப் பூட்டுகிறார்கள். வெளிச்சம் குறைகிறதே என்றால் ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளலாம். நாய்ஸ் வந்த தாலியைப் பார்க்க முடியும்; அவுட்டான தாலியை யாரும் பார்க்க மாட்டார்கள்.

பீக்கிங் என்பது கூர்மையான ஓரங்களைச் சிவப்பாகவோ மஞ்சளாகவோ கோடிட்டுக் காட்டுவது. நல்ல உதவிதான், ஆனால் அதையும் முழுதாக நம்ப முடியாது. ஜரிகை, மாவிலைத் தோரணம், பூமாலை போல ஓரங்கள் நிறைந்த எதிலும் அது எளிதில் மின்னும்; மிருதுவான கன்னத்தில் மின்னாது. முகம் அவுட்டாக இருக்கும்போதே சேலைக் கரையின் சிவப்புக் கோடுகளைப் பார்த்து ஏமாறுவது சகஜம். அளவைக் குறைவாக வைத்து, கோட்டின் நிறத்தைச் சேலையில் இல்லாத நிறமாகத் தேர்ந்துகொண்டால் பாதித் தொல்லை குறையும். ஃபோகஸுக்கு நம்பகமான வழி பெரிதாக்கிப் பார்ப்பதுதான். நாலு மடங்கோ ஐந்து மடங்கோ பெரிதாக்கி, கண்ணிமையில் வைத்துப் பார்த்து, திரும்ப ஃபிரேமுக்கு வர இரண்டு நொடி போதும். பதிவைத் தொடங்குமுன் இதைச் செய்வதை ஓர் அனிச்சைச் செயலாகவே ஆக்கிக்கொள்ள வேண்டும்.

வெளிச்சத்தை அளக்க ஜீப்ரா, ஹிஸ்டோகிராம், வேவ்ஃபார்ம், ஃபால்ஸ் கலர் என்று நாலு வழிகள் உண்டு. ஹிஸ்டோகிராம் ஃபிரேம் முழுவதற்குமான கணக்கு. முகம் எங்கே விழுந்தது என்று சொல்லாது. கரிசல் காட்டில் மண்ணே பாதி ஃபிரேம் என்றால் அதன் மேடு இடப்பக்கமே குவியும். முகம் சரியாக இருந்தாலும் அண்டர் என்றே தோன்றும். வேவ்ஃபார்ம் மிகத் துல்லியம், ஆனால் சிறு கேமராக்களில் அபூர்வம். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது ஜீப்ராதான். குறிப்பிட்ட பிரகாச எண்ணை (சிக்னலின் சதவீதம்) எட்டும் இடங்களில் சாய்கோடுகள் ஓடும். வெயில் அடித்தாலும், மண்டபம் இருண்டாலும், திரையின் பிரகாசத்தை எப்படி வைத்தாலும் கோடு விழும் இடம் மாறாது. அது பதிவாகும் சிக்னலைப் பார்த்து விழுகிறது.

எந்த எண்ணில் வைப்பது என்பதில்தான் சிக்கலே. பாடநூல்களிலும் பயிற்சிகளிலும் வழிவழியாக வருவது இரண்டு எண்கள்: வெள்ளை வெளுக்காமலிருக்க 100, முகத்துக்கு 70. இந்த 70 யாருடைய முகத்துக்கு? 18 சதவீதச் சாம்பல் அட்டையை எச்.டி.யின் ரெக். 709 தரத்தின்படி சரியாக எக்ஸ்போஸ் செய்தால் அது ஏறக்குறைய 41-இல் விழும். வெள்ளைக்காரத் தோல் அந்த அட்டையைவிட ஒரு ஸ்டாப் கூடுதலாக, அதாவது இரண்டு மடங்கு, ஒளியைத் திருப்பும். அது 60-இல் விழும், நெற்றியும் கன்ன மேடும் 70-ஐத் தொடும். தமிழ்நாட்டு மாநிறமும் கறுப்பும் அந்தச் சாம்பல் அட்டையை ஒட்டித்தான் வரும்; கணக்குப்படி 40-க்கும் 50-க்கும் நடுவே. பஞ்செடுக்கும் பெண்ணின் முகத்தில் 70 கோடு விழும்வரை அபர்ச்சரைத் திறந்தால், அவர் முகம் வேறு யாரோ ஒருவருடைய முகமாகிவிடும். பஞ்சும் வானமும் போயே போய்விடும்.

ஒரு சாராரின் தோலை அளவுகோலாக வைத்த கதை வீடியோவுக்கு முன்பே தொடங்கியது. 1950-களில் அமெரிக்க லேப்களுக்குக் கோடாக் அனுப்பிய 'ஷர்லி கார்டு' என்ற வண்ணச் சோதனை அட்டையில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் சரியாக வந்தால் பிரின்ட் சரி. பல இன முகங்கள் கொண்ட அட்டைகளைக் கோடாக் வெளியிட்டது 1990-களில்தான். தொழில்முறை டிஜிட்டல் கேமராக்களிலும் அதன் தடம் உண்டு. பிரகாசத்தின் அளவுக்கேற்ப நிறம் பூசிக் காட்டும் ஆரி கேமராவின் பழைய ஃபால்ஸ் கலரில் சாம்பலுக்குப் பச்சை, அதைவிட ஒரு ஸ்டாப் மேலே இளஞ்சிவப்பு. அந்த இளஞ்சிவப்பு வெளிர்த் தோலுக்கான குறி. மாநிற முகம் அதில் பச்சையை ஒட்டி விழுந்தால் அது பிழையல்ல.

தமிழில் இதற்கு மாற்றாக ஒரு மரபே இருக்கிறது. பாலு மகேந்திரா தன் படங்களில் ஷோபாவையும் அர்ச்சனாவையும் இயற்கை ஒளியில் அவர்கள் நிறத்திலேயே காட்டினார். 1988-இல் வந்த 'வீடு' படத்தின் கேமராவும் அவரே. ஜன்னல் வழி வரும் ஒளியில் அர்ச்சனாவின் முகத்தில் நிழலும் மினுமினுப்பும் ஒருசேர இருக்கின்றன. வெளுக்க வைக்கும் முயற்சியே இல்லை. அந்த நடிப்புக்கு அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. கறுத்த முகத்தை ஒழுங்காகப் பதிவு செய்ய நிறைய வெளிச்சம் வேண்டும் என்பது தவறு. வெளிச்சம் வரும் திசையும் சரியான அளவும்தான் வேண்டும்.

கல்யாண வீட்டில் எதிர்ப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது. "பொண்ணு கொஞ்சம் கலரா தெரியணும் தம்பி" என்று அத்தையோ சித்தியோ சொல்லிவிட்டுப் போவார்கள். மேக்கப்பும் அதே நோக்கத்தில்தான் போடப்பட்டிருக்கும். அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒரு ஸ்டாப் ஏற்றுகிற கேமராக்காரர் தன் வேலையையே கெடுத்துக்கொள்கிறார். நெற்றி வியர்வையும் மூக்கு நுனியும் வெளுத்து, பட்டு வேட்டி தட்டையாகி, மணப்பெண்ணின் முகம் மாவு பூசியதுபோல ஆகிவிடும். கேட்டவர்களை வருத்தப்படுத்தாமல் இருக்க வேண்டுமென்றால் எடுக்கும்போது சரியாக எடுத்துவிட்டு, தேவையானால் மிக்சிங்கில் லேசாக ஏற்றலாம். அதுகூட வேண்டாம் என்று பேசிப் புரியவைக்கும் கேமராக்காரர்கள் மேல். அந்தப் பெண் தன் கல்யாணப் படத்தில் தன்னைத்தான் பார்க்க வேண்டும்.

பிறகு வண்ணம் திருத்துவதற்கென்றே படத்தை மங்கலாகப் பதியும் லாக் முறை வந்தபின் ஒரு புதுக் குழப்பமும் சேர்ந்திருக்கிறது. எஸ்-லாக் 3-இல் படம் திரையில் சாயம்போனதுபோல மங்கலாகத் தெரியும்; அதைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதில் சாம்பல் அட்டை 41-இலேயே விழும், ஆனால் வெள்ளைத் தாள் 61-இல் நின்றுவிடும். ரெக். 709-க்குப் பழகிய ஜீப்ரா எண்கள் இங்கே செல்லாது. திரைக்கு மட்டும் இயல்பான வண்ணம் தரும் 'காமா டிஸ்ப்ளே அசிஸ்ட்' வசதியைப் போட்டுக்கொண்டு, ஜீப்ராவை லாக் எண்ணுக்குத் தனியாக வைக்க வேண்டும். 1,000 நிட் தரும் ஆட்டமாஸ் நிஞ்ஜா V போன்ற 5 அங்குல மானிட்டர்கள் 2018 முதல் கிடைக்கின்றன. வேவ்ஃபார்மும் ஃபால்ஸ் கலரும் அவற்றில் உண்டு. வசதியிருந்தால் வாங்கலாம். 25,000 நிட் வேட்டிக்கு முன்னால் 1,000 நிட்டும் குறைவுதான் என்பதால், அங்கேயும் படத்தைவிட அதன் அளவுகளையே பார்க்க வேண்டியிருக்கும்.

வசதியில்லாதவருக்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. தை முகூர்த்தங்கள் தொடங்குமுன் ஓர் அரை நாள் ஒதுக்கி, வெவ்வேறு நிறமுள்ள நாலு பேரை மண்டப மேடையின் உண்மையான விளக்கில் நிற்கவைக்க வேண்டும். ஷட்டர் 50-இல் ஒன்றாகவே இருக்கட்டும். இங்குள்ள 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அதுதான் சிமிட்டாமல் இருக்கும். அபர்ச்சரை ஒவ்வொரு கிளிக்காக மாற்றி, ஒவ்வொரு முகத்திலும் ஜீப்ரா எந்த எண்ணில் தோன்றுகிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பதிவு செய்தால் எழுதக்கூட வேண்டாம். பிறகு ஒரு நல்ல டி.வி.யில் நாலு பேரையும் உட்காரவைத்து, எந்த ஷாட்டில் தங்கள் முகம் தங்கள் முகமாக இருக்கிறது என்று கேட்டு, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். கேமராக்காரர் தன் உள்ளங்கையையும் ஒரு ஷாட்டில் காட்டுவது நல்லது. உள்ளங்கையின் நிறம் ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவதில்லை. சாம்பல் அட்டையைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் மேலே, 60-ஐ ஒட்டி விழும். அவசரத்தில் மணமக்களுக்கு விழும் அதே வெளிச்சத்தில் கையை நீட்டிப் பார்த்தே அளவு வைத்துவிடலாம். வெயிலுக்கு இதே சோதனையைக் காட்டில் ஒரு முறை, வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டரோடு செய்ய வேண்டும். திரையின் பிரகாசத்தை நடு அளவில் பூட்டிவிட்டு, கிடைத்த எண்களை ஒரு துண்டு டேப்பில் எழுதிக் கேமராவின் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளலாம். கேமரா மாறினாலோ பிக்சர் புரொஃபைல் மாறினாலோ அந்த டேப்பைக் கிழித்துவிட்டுப் புதிதாக அளக்க வேண்டும்.